கொல்லை அணிலும் மொட்டைமாடி அணிலும்

சென்னையில் நங்கநல்லூர், குரோம்பேட்டைப் பக்கமெல்லாம் தனி வீடுகளாக இருந்த காலத்தில், வீட்டுக்குப் பின்னால் கொல்லை இருந்தது. கிணற்றடியில் வாழை, வேலியோரம் முருங்கை, நடுவில் கொய்யா, மூலையில் மாதுளை. அணில்களும் இருந்தன, பழமும் தின்றன. ஆனால் கொய்யா கூடை கூடையாகக் காய்த்தது. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தும் மிஞ்சியது. அதில் அணில் தின்றதை யார் கணக்குப் பார்த்தார்கள்? அணில் கடித்த பழம்தான் இனிக்கும் என்று பிள்ளைகள் அதற்கே போட்டி போட்டார்கள். சேதுவுக்கு மண் சுமந்த அணிலை ராமர் தடவிக்கொடுத்த கதையைச் சொல்லி, பாட்டிமார் கல்லெறிய விடமாட்டார்கள். மாதுளைக்கு மட்டும் காவல் உண்டு. பிஞ்சு எலுமிச்சையளவு திரண்டதும் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக் கட்டிவிடுவார்கள்.

இன்று அந்த மனைகளில் அடுக்குமாடிகள். தோட்டம் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது. செடிப் பையில் நிற்கும் கொய்யா காய்ப்பதே பத்துப் பன்னிரண்டு. அதில் நாலு போனால் மனசு பதறத்தான் செய்யும். விதை ஊன்றிய மறுநாளே அணில் பையைக் கிளறிவிடுகிறது. கூடு கட்ட, பையிலுள்ள தேங்காய் நாரை உருவிப் போகிறது. சொட்டுநீர்க் குழாயையும் விடுவதில்லை. அணிலின் முன்பற்கள் வாழ்நாளெல்லாம் வளர்பவை. எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆகவேண்டும். அதற்கிருந்த மரங்களை நாம்தான் வெட்டினோம்.

கடித்த பழத்தை இப்போது யாரும் தொடுவதில்லை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியதிலிருந்து வௌவால் கடித்த பழம் என்றாலே பயம். கடித்தது அணிலா வௌவாலா என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. தூக்கிப் போடுவதே சரி.

ஆனால் எலிக்கு வைக்கும் பசை அட்டையை அணிலுக்கு வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒட்டிக்கொண்ட உயிர் மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. விஷம் வைத்தால் செத்த அணிலைத் தின்னும் காகத்துக்கும் பூனைக்கும் ஆபத்து. பிடித்துக்கொண்டுபோய் வேறு தெருவில் விட்டாலும், கூட்டில் குட்டிகள் இருந்தால் அவை பட்டினியில் சாகும். காலியான இடத்துக்கு அடுத்த அணில் வந்துவிடும். மிளகாய்த்தூள் கரைசல் ஒரு மழைக்குத் தாங்காது. பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டால் சில நாள் மிரளும், பிறகு பழகிவிடும்.

பறிக்கும் நேரத்தை மாற்றினாலே பாதித் தொல்லை குறையும். தக்காளியை நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்கவைக்கலாம். கொய்யா, சப்போட்டாவையும் முற்றியதும் பறித்துவிடலாம். மாதுளை பறித்தபின் பழுக்காது. அதற்கு இன்றும் துணி உறைதான். பாலித்தீன் கட்டினால் உள்ளே வியர்த்து அழுகும். துணியையும் கிழிக்கும் அணிலுக்குக் கம்பி வலைதான் வழி. நைலான் வலையைக் கடித்துவிடும், சில சமயம் அதிலேயே சிக்கியும் கொள்ளும். துத்தநாகம் பூசிய, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். அதில் ஒரு துண்டு வெட்டி விதைப் பையின் வாயையும் மூடிவிடலாம். செடி நாலு இலை விட்டதும் வலையை எடுத்து அடுத்த பைக்குப் போட்டுக்கொள்ளலாம்.