வாளி, முட்டை, உப்பு: வேளாண் மாணவர்கள் கிராமத்தில் என்னதான் செய்கிறார்கள்?

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். வரப்பில் வரிசையாக நிற்கும் ஏழெட்டு மாணவிகள், நடுவில் ஒரு வாளி, ஓரத்தில் கொஞ்சம் சங்கடத்தோடு ஒரு விவசாயி. கீழே, ‘விதை நேர்த்தி: மாணவிகள் செயல்விளக்கம்’ என்று நான்கு வரிச் செய்தி.

இளநிலை வேளாண்மை படிப்பவர்கள் நான்காம் ஆண்டில் முடிக்க வேண்டிய ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின் ஒரு காட்சிதான் அது. மாணவர்கள் பேச்சில் ‘ராவே’. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பாடத்திட்டத்தில் இருப்பதால் நாடு முழுக்க உண்டு. குழுவாக ஒரு வட்டாரத்தில் தங்கி, வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் போக வேண்டும். மார்க்கும் உண்டு.

அந்த வாளியில் நடப்பது எளிமையான விஷயம். 10 லிட்டர் தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மிதக்கும்வரை உப்பைக் கரைப்பார்கள். முட்டையின் மேல்பக்கம் 25 பைசா அளவுக்கு வெளியே தெரிந்தால் கரைசல் தயார். (அந்தக் காசு 2011-லேயே செல்லாமல் போய்விட்டது; உவமை மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.) நெல் விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும், திடமான விதை அடியில் தங்கும். தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு விதைக்கலாம். அலச மறந்தால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். “அதெல்லாம் தெரியும்மா, என் மக்காச்சோளத்தை வந்து பாரு” என்று ஒருவர் கூப்பிட்டுவிட்டால், பாடப்புத்தகம் அங்கே பரீட்சைக்கு உட்காருகிறது.

பெரம்பலூர் மாதிரி மக்காச்சோளப் பகுதிகளில் அந்தக் கேள்வி பெரும்பாலும் படைப்புழுவைப் பற்றியது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2018-ல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டு தமிழகத்துக்கும் வந்தது. புழுவின் தலையில் தலைகீழான ‘ஒய்’ வடிவக் கோடு இருக்கும். உடலின் பின்பகுதியில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். பகலில் குருத்துக்குள் பதுங்கிக்கொள்ளும். இலை மேலே மட்டும் மருந்து அடித்தால் காசுதான் போகும், புழு போகாது. காலையிலோ மாலையிலோ குருத்துக்குள் இறங்குகிற மாதிரி அடிக்க வேண்டும். கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடச் சொல்வது, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும் கட்டத்திலேயே அதைத் தடுக்கத்தான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, “சரிம்மா, புண்ணாக்கு என்ன விலை?” என்பார் அவர். குத்தகை நிலமாக இருந்தால் அந்தக் கணக்கே வேறு. அதற்குப் பதில் தெரியாமல் விழிப்பதுதான் இந்தப் பயிற்சியின் உண்மையான முதல் நாள்.

ஊர் வரைபடம் போடுவதும் இதில் உண்டு. தெருவில் கோலப்பொடியால் ஊர்க்காரர்களையே வரையச் சொல்வார்கள். கோயில், ஏரி, கிணறு எல்லாம் சீக்கிரம் வந்துவிடும். கூடி நின்று வரைபவர்கள் பெரும்பாலும் நிலம் வைத்திருக்கும் ஆண்கள். களையெடுக்கும் பெண்களும் காலனித் தெருவும் அந்தப் படத்தில் வர, யாராவது கேட்க வேண்டியிருக்கிறது. நடுத்தெருவில் பெரியவர்கள் முன்னால், “ஐயா, அந்தப் பக்கம் எத்தனை வீடு இருக்கு?” என்று 21 வயதுப் பெண் கேட்பது சின்ன விஷயமில்லை.

ஒருமுறை வாளியைக் காட்டினால் விவசாயி மாறிவிட மாட்டார். அமெரிக்காவின் அயோவாவில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய விதத்தை ஆராய்ந்து 1943-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு இதைத்தான் காட்டியது: புது விதையைப் பற்றிப் பலருக்கு முதலில் சொன்னவர் விற்பனையாளர், நம்பி விதைக்க வைத்தவர் பக்கத்து வயல்காரர். ஆனால் ராவே குழுவுக்குக் கிடைப்பது சில மாதங்கள். விதைப்பைப் பார்த்தவர்கள் பல நேரம் அறுவடையைப் பார்ப்பதில்லை. திட்டத்தின் பெரிய ஓட்டை இது. படத்தோடு நான்கு வரிச் செய்தி வந்துவிட்டதால் அது அடைபடாது.

சிலர் தாங்களாகவே அடைக்கிறார்கள். ஊரைவிட்டுக் கிளம்பும்போது நம்பர் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அப்புறம் ஹாஸ்டலில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஓட்டை விழுந்த ஒரு இலையின் போட்டோ வரும். கூடவே ஒரு வரி: “பாப்பா, இது அந்தப் புழுவா, வேறயா?”