ஜீவனாம்சம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

மணவாழ்வு முறியும்போது, போதிய வருமானமின்றி நிற்கும் துணைவரின் உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுக்காக மற்றவர் கொடுக்க வேண்டுமெனச் சட்டம் விதிக்கும் தொகையே ஜீவனாம்சம். திருப்பதி மாவட்டம் நாயுடுபேட்டையில் தெலுங்கு வழக்கில் இதனைப் ‘பரணம்’ என்றும் ‘மனோவர்த்தி’ என்றும் கூறுவர். எப்பெயரில் அழைத்தாலும், கையேந்துவதாக எண்ணிக் கூச்சப்பட்டு இதைக் கேளாமலே பிறந்தவீட்டில் ஒடுங்கிவிடும் பெண்கள் உண்டு என்பதால், இதன் நடைமுறையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 24ஆம் பிரிவு, வழக்கு முடியும்வரையிலான இடைக்கால ஜீவனாம்சத்தையும் வழக்குச் செலவையும் வழங்குகிறது. 25ஆம் பிரிவு, தீர்ப்பின்போதோ அதன் பின்னரோ மொத்தமாக அல்லது மாதந்தோறும் தரப்படும் நிரந்தர ஜீவனாம்சத்தைக் குறிக்கிறது. இவ்விரண்டையும் வருமானமற்ற கணவனும் கோரலாம். மணவிலக்கு வழக்கே தொடுக்காத மனைவிக்கும் வழியுண்டு: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக மாறியுள்ள விதி, மத வேறுபாடின்றிப் பொருந்தும். மணவிலக்கான முஸ்லிம் பெண்ணும் 125ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்பதை, தெலங்கானாவிலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று உறுதிப்படுத்தியது.

கணவன் சென்னையில் வேலை பார்க்க, மனைவி நாயுடுபேட்டையிலுள்ள தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்டால், மாநில எல்லையைக் கடந்து அலைய வேண்டியதில்லை. தாம் வசிக்கும் பகுதிக்கு அதிகாரமுள்ள நீதிமன்றத்திலேயே அவர் மனுக் கொடுக்கலாம்.

தொகைக்கு ஒரே வாய்ப்பாடு கிடையாது. நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமானது என 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது பலராலும் எடுத்துக்காட்டப்பட்டாலும், இருவரின் வருமானம், சொத்து, கடன், வாழ்ந்த தரம், குழந்தைகளின் பொறுப்பு, மனைவி விட்டுக்கொடுத்த வேலை ஆகிய அனைத்தும் எடைபோடப்படுகின்றன. வருமானத்தை மறைக்கும் போக்கைத் தடுப்பதற்காக, இருதரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டுமென 2020 நவம்பர் 4 அன்று, ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்தது. சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் வாடகைச் செலவும் பள்ளிக் கட்டணமும் அதனால் ஒரே பார்வையில் நீதிபதியின் முன் வருகின்றன.

மனுக் கொடுத்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் பயனே. மாதம் 8,000 ரூபாய் என்னும் ஆணை 14 மாதங்கள் கழித்து வந்தால், நிலுவையாக மட்டும் 1,12,000 ரூபாய் சேர்ந்திருக்கும். மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய தொகை கைவிட்டுப் போகிறது.

144ஆம் பிரிவின்கீழ் ஆணை பெற்றும் பணம் வராவிடில், ஓராண்டுக்குள் வசூல் மனு போடலாம். தக்க காரணமின்றிக் கொடுக்காதவருக்கு, நிலுவையான ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கலாம். மனைவி மறுமணம் செய்துகொண்டால் ஆணை ரத்தாகலாம். ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் உழைத்தவரின் உழைப்புக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அவ்வுழைப்பையும் கணக்கில் சேர்க்கச் சட்டம் திறந்து வைத்த வாசலே ஜீவனாம்சம் என்பதால், அதைக் கேட்பதில் எவரும் தலைகுனிய வேண்டியதில்லை.