காளான் வாங்க வந்த கிழவர்

1223-ஆம் ஆண்டு. சீனாவின் கிழக்குக் கரையில், இன்று நிங்போ என்று அழைக்கப்படும் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கூட வந்த குருநாதர் கரையேறிவிட்டார். 23 வயது இளம் துறவி டோகன் மட்டும் கப்பலிலேயே தங்கியிருந்தார். ஒருநாள் கிழவர் ஒருவர் ஏறி வந்தார். வயது 61. ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலை மடத்தில் தலைமைச் சமையற்காரர். மறுநாள் பண்டிகை, துறவிகளுக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது செய்துபோட வேண்டும். நூடுல்ஸ் சூப் வைக்கலாம் என்று பார்த்தால் கைவசம் காளான் இல்லை. ஜப்பானியக் கப்பலில் கிடைக்குமென்று கேள்விப்பட்டு அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறார்.

டோகன் தேநீர் கொடுத்து, இரவு தங்கிப் போகச் சொன்னார். முடியாது, காலையில் அடுப்படியில் நான் இருக்க வேண்டும் என்றார் கிழவர். இந்த வயதில் தியானம் செய்யாமல் எதற்கு இந்தக் கரண்டி வேலை என்று இளைஞர் கேட்டதற்கு, உனக்கு இன்னும் விஷயம் பிடிபடவில்லை என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். 14 ஆண்டுகள் கழித்து, 1237-இல், மடத்துச் சமையற்காரர்களுக்காகவே ஒரு நூல் எழுதினார் டோகன். ‘தென்சோ கியோகுன்’ என்ற அந்த நூலில் இந்தச் சந்திப்பை மறக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

ஆன்மிகவாதிகள் இந்தக் கதையில் ஞானத்தைத் தேடுவார்கள். வேதியியல் படித்தவர் கேட்கும் கேள்வி வேறு. மடத்தில் அரிசி இருந்திருக்கும், காய்கறி இருந்திருக்கும். அப்படியிருக்க, ஒரு பிடி காய்ந்த காளானுக்காக ஒரு வயோதிகர் ஏன் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

அந்தச் சமையலறையின் நெருக்கடி அப்படி. 6-ஆம் நூற்றாண்டிலேயே லியாங் வம்சத்துப் பேரரசர் வூ, பௌத்தத் துறவிகளுக்கு இறைச்சியையும் மதுவையும் விலக்கிவிட்டார். அரசுச் சடங்குகளில் பலியிட விலங்குகளுக்குப் பதிலாக மாவில் உருவம் பிடித்து வைக்கச் சொன்னவர் அவர். ஜப்பானில் 675-இல் பேரரசர் தென்மு, பயிர்க்காலமான ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணக் கூடாது என்று ஆணையிட்டார். அதில் மீனும் இல்லை, மானும் இல்லை; ஆகவே அந்த நாடே சைவமாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. முழுச் சைவம் மடங்களில்தான். அந்தச் சமையலுக்கு ‘ஷோஜின் ரியோரி’ என்று பெயர். ‘ஷோஜின்’ என்பது ‘வீர்யம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லின் மொழிபெயர்ப்பு. விடாமுயற்சி என்று பொருள். தமிழில் புலால் இல்லாத உணவுக்கு ஒரு சமயத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானியரோ உழைப்பின் பெயரை வைத்தார்கள்.

உழைக்கத்தான் வேண்டியிருந்தது. இறைச்சியும் மீனும் போனதோடு விஷயம் முடியவில்லை. கிழக்காசியப் பௌத்தத்தில் ‘ஐந்து காரநெடிப் பொருள்கள்’ என்று ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. ஜப்பானில் பல ஜென் கோயில்களின் வாசலில், நெடி வீசும் காய்களும் மதுவும் உள்ளே வரக் கூடாது என்று பொறித்த கல்தூணை இன்றும் பார்க்கலாம். பட்டியலில் பூண்டு உண்டு, வெங்காயக் குடும்பத்துத் தாள்கள் உண்டு. ஐந்தாவதாகப் பழைய சீன நூல்கள் சொல்லும் பொருளைக் கேட்டால் நம் ஊர் மாமிகள் திகைத்துப் போவார்கள். பெருங்காயம்!

வெங்காயமும் பூண்டும் சேர்க்காத இந்திய வீடுகளில் அந்த இரண்டின் இடத்தையும் நிரப்புவது பெருங்காயம்தானே? வைணவ மடைப்பள்ளிகளும் சமண வீடுகளும் தயங்காமல் சேர்ப்பது அதைத்தான். ஒரு நாட்டில் விலக்கானது, இன்னொரு நாட்டில் விலக்குக்கு மாற்று. வேதியியல் இங்கே சீனர் பக்கம் நிற்கிறது. பெருங்காயச் செடி கொத்தமல்லி, சீரகம் இவற்றின் குடும்பம். வெங்காயத்துக்கு உறவே இல்லை. ஆனால் அதன் வேரைக் கீறினால் வடியும் பாலில் இருப்பவை, பூண்டின் நெடிக்குக் காரணமான அதே வகைக் கந்தகச் சேர்மங்கள். காய்ந்த எண்ணெயில் சிட்டிகை போட்டதும் பச்சை நாற்றம் அடங்கி, பூண்டு வதக்கிய மணம் எழும்புவது அதனால்தான். தமிழ் இதை முன்பே மோப்பம் பிடித்திருக்கிறது. வெங்காயம், பெருங்காயம் என்று இரண்டுக்கும் ஒரே ‘காய’த்தை வைத்தது மட்டுமல்ல, ‘ஐங்காயம்’ என்று பூண்டையும் பெருங்காயத்தையும் ஒரே பட்டியலில் சேர்த்தும் வைத்திருக்கிறது. நம்முடையது மருந்துப் பட்டியல், அவர்களுடையது விலக்குப் பட்டியல்.

ஆக, கிழவரின் சூப்பில் எலும்பு இல்லை, மீன் இல்லை, வெங்காயம், பூண்டு, பெருங்காயம் எதுவும் இல்லை. வெறும் வெந்நீரில் உப்பைப் போட்டு எத்தனை நாளைக்குக் குடிப்பது? இந்த இடத்தில்தான் ‘கொம்பு’ நுழைகிறது. மாட்டுக்கொம்பு அல்ல, ஹொக்கைடோ தீவின் குளிர்ந்த கடலில் ஆளுயரத்துக்கும் மேல் வளரும் பட்டையான கடற்பாசி. காயவைத்தால் பழைய தோல் வாரைப் போல விறைத்துக்கொள்ளும். மேலே வெள்ளைப் பொடி பூத்திருக்கும். பூஞ்சை என்று நினைத்துக் கழுவிவிடக் கூடாது. அது மானிட்டால் என்ற லேசான இனிப்புப் பொருள். ஜப்பானியர் ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைப்பதோடு சரி.

கொம்பு ஊறிய தண்ணீரில் என்னதான் இருக்கிறது? விடை தேடியவர் கிகுனே இகேடா, டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டிடம் பயின்றவர். கொம்புத் தண்ணீரில் வேகவைத்த டோஃபுவைச் சாப்பிடும்போது, இது இனிப்புமில்லை, புளிப்புமில்லை, உப்புமில்லை, கசப்புமில்லை, பின் என்ன ருசி என்று யோசித்தாராம். அந்தச் சாப்பாட்டுக் கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் நடந்ததில் சந்தேகமில்லை. கிலோ கணக்கில் கொம்பைக் கொதிக்க வைத்து, வடித்து, உப்பையும் மானிட்டாலையும் பிரித்தெடுத்து, 1908-இல் கடைசியாகக் கையில் கிடைத்தது 30 கிராம் படிகம். குளுட்டாமிக் அமிலம். அதன் ருசிக்கு ‘உமாமி’ என்று பெயர் வைத்தார்.

குளுட்டாமிக் அமிலம் புதிதல்ல. 1866-இலேயே கார்ல் ரிட்ஹவுசன் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எதிலிருந்து என்பதுதான் சுவாரசியம். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீருக்கடியில் கசக்கினால் மாவுச்சத்து கரைந்து ஓடி, கையில் ரப்பர்போல ஒரு உருண்டை மிஞ்சும். அதுதான் குளூட்டன், அமிலத்தின் பெயரும் அதிலிருந்தே வந்தது. சீன, ஜப்பானிய மடங்கள் இதே உருண்டையை வேகவைத்தும் பொரித்தும் இறைச்சிக்குப் பதிலாகப் பரிமாறிவந்தன. 1909-இல் ‘அஜினோமோட்டோ’ என்ற பெயரில் கடைக்கு வந்த பொடிகூடத் தொடக்கத்தில் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படவில்லை. கோதுமைக் குளூட்டனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைத்துத்தான் தயாரித்தார்கள். பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்கவைக்கும் முறை 1950-களில்தான் வந்தது. பிரியாணிக் கடை ரகசியம் என்று இங்கே கிசுகிசுக்கப்படும் வெள்ளைப் பொடியின் பூர்வீகத்தைத் தோண்டினால் வருவது சைவத் துறவிகளின் இரண்டு பண்டங்கள்!

சரி, காளானுக்கு வருவோம். குளுட்டமேட் கொம்பில் இருக்கிறது. அதோடு காளான் எதற்கு? விடை கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. இகேடாவின் மாணவர் ஷின்டாரோ கொடாமா, காய்ந்த மீன் துருவலின் ருசிக்கு இனோசினேட் காரணம் என்று 1913-இல் காட்டினார். 1957-இல் சோயா சாஸ் நிறுவனமொன்றின் ஆய்வாளர் அகிரா குனினாகா, ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துக்கொண்டிருந்தபோது குவானிலேட் என்ற இன்னொரு பொருளுக்கும் உமாமி ருசி இருப்பதைக் கண்டார். காய்ந்த ஷிடாகே காளானில் நிறைந்திருப்பது இதுதான். பெரிய விஷயம் அடுத்து வந்தது. குவானிலேட்டைக் குளுட்டமேட்டோடு கலந்தால் ருசி கூடவில்லை, பெருகியது. தனித்தனியே நாக்குக்கு எட்டாத அளவில் இருப்பவைகூட, சேர்ந்ததும் ஓங்கி ஒலித்தன.

காரணம் 2000-க்குப் பிறகு தெளிவானது. உமாமியை உணரும் நாக்கின் ஏற்பி, பூச்சி உட்கார்ந்ததும் இலையை மூடிக்கொள்ளும் வீனஸ் செடியைப் போன்ற அமைப்பு கொண்டது. குளுட்டமேட் உள்ளே வந்ததும் மூடும். ஆனால் சீக்கிரம் திறந்துகொள்ளும். குவானிலேட் வாயோரத்தில் ஒட்டிக்கொண்டு, மூடியதைத் திறக்கவிடாமல் பிடித்துவைக்கிறது. மூளைக்குப் போகும் சேதி பலமாகிறது. எலும்புச் சூப்பிலும் மீன் குழம்பிலும் இதே வேலையை இனோசினேட் செய்கிறது. கிழவர் ஒரு மீனையும் கொல்லாமல் அதே பூட்டுக்கு இன்னொரு சாவி செய்துகொண்டார்.

அவருக்குப் பச்சைக் காளான் உதவியிருக்காது. அதில் குவானிலேட் அநேகமாக இல்லை. காயும்போது செல்சுவர்கள் உடைகின்றன. ஊறவைத்துச் சூடாக்கும்போது, காளானிலேயே உள்ள ஒரு நொதி ஆர்.என்.ஏ.வை நறுக்கிக் குவானிலேட்டை உண்டாக்குகிறது. கூடவே, உண்டானதைத் தின்று தீர்க்கும் இன்னொரு நொதியும் இருக்கிறது. சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது அது முதலில் சோர்ந்துவிடும். நறுக்கும் நொதி இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அவசரத்துக்கு வெந்நீரில் ஊறவைப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். குளிர்ந்த நீரில் இராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் இளந்தீயில் மெல்ல ஏற்ற வேண்டும் என்று மடத்துச் சமையல் பழக்கத்தால் அறிந்துவைத்திருந்தது.

ஜப்பான் செல்லும் தமிழ்ச் சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. உணவகத்தில் கொடுக்கும் மிசோ சூப்பில் மிதப்பது டோஃபுவும் பாசியும் மட்டுமே என்றாலும், அடித்தண்ணீர் பெரும்பாலும் மீன் துருவலில் வடித்தது. கேட்டால் காய்கறிதான் என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். ‘ஷோஜின்’ என்று கேட்க வேண்டும். கோயா மலையில் பயணிகள் தங்கும் கோயில்களில் அது கிடைக்கும்: எள்ளையும் கூட்ஸு மாவையும் கிளறிய ‘எள் டோஃபு’, பனியில் உறையவைத்துக் காயவைத்த கோயா டோஃபு, ஒரு கிண்ணம் தெளிந்த சூப். கோயா டோஃபுவைக் கடித்தால் பஞ்சுபோல இருக்கும். உறையும்போது பனிப்படிகங்கள் குடைந்த பொந்துகள் அவை. சூப்பை முழுக்க உறிஞ்சி வைத்திருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு லிட்டர் தண்ணீர், கையளவு கொம்புத் துண்டு, நாலைந்து காய்ந்த ஷிடாகே போதும். இரவில் ஊறப்போட்டு, காலையில் இளந்தீயில் ஏற்றி, கொதி வருவதற்குச் சற்று முன்பு கொம்பை எடுத்துவிட வேண்டும்; கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். நிறம் இளந்தேநீர், மணம் மழை பெய்த மரத்தடி. வடித்தபின் மிஞ்சும் கொம்பையும் காளானையும் ஜென் சமையலறையில் யாரும் குப்பையில் போடுவதில்லை. மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, சோயா சாஸும் கொஞ்சம் சர்க்கரையும் விட்டுச் சுண்டவைத்து, மறுநாள் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வார்கள்.