விதைப்பையும் மிதி மெஷினும்

ஏற்காட்டில் மே மாதம் என்றால் இன்று அண்ணா பூங்காதான். மலர்க் கண்காட்சி, படகுத் துறையில் கூட்டம், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் வண்டிகளின் வரிசை. 2023இல் நடந்தது 46ஆவது கோடை விழா. அந்த விழா தொடங்கிய 1970களில் வெள்ளக்கடை போன்ற மலை ஊர்களில் கோடைப்பூவைத் தேடி யாரும் எங்கும் போகவில்லை. அது வீட்டு வாசலிலேயே இருந்தது.

வாசல் தோட்டத்துக்கான வேலை கோடையின் முதல் மழைக்கு முன்பே தொடங்கிவிடும். காப்பித் தோட்டத்தில் அந்த மழைக்குப் பூமழை என்று பெயர். அது விழுந்த எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்து மல்லிகைபோல் மணக்கும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்குப் பின்னால் பங்களாக்கள் வந்தன. பங்களாக்களோடு மெக்சிகோவின் டேலியாவும் தென்னாப்பிரிக்காவின் ஜெரேனியமும் வந்தன. தோட்ட வேலைக்குப் போனவர்கள் கையோடு ஒரு கொம்பு, ஒரு கிழங்கு என்று அவை ஊர்களுக்குள் நுழைந்தன. ஜெரேனியக் கொம்பை வெட்டியதும் நடக்கூடாது, வெட்டு வாய் ஒரு நாள் காய வேண்டும். டேலியாக் கிழங்கைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் கண் இருக்க வேண்டும், கண்ணில்லாக் கிழங்கு முளைக்காது. இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. கிழங்கைக் கொடுத்தவர்கள் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

காசித்தும்பைக்குத்தான் ஊசி தேவைப்பட்டது. அதன் காய் முற்றியதும் விரல் பட்டாலே வெடித்து விதையைச் சிதறடிக்கும். நல்ல நிறமுள்ள செடியின் விதை வேண்டுமானால் வெடிப்பதற்கு முன் காயின்மேல் ஒரு துணிப்பையைக் கட்ட வேண்டும். நைந்த வேட்டியின் மெல்லிய துணி அதற்கு ஏற்றது. காற்று புகும், விதை நழுவாது. ஓட்டுத்தையலில் மூன்று பக்கம் மூடி, வாயை மடித்து நாடா கோத்தால் பை தயார். பள்ளித் தையல் வகுப்பில் கைக்குட்டையில் பழகிய காம்புத்தையலும் சங்கிலித்தையலும் விடுமுறையில் இப்படிச் சின்ன வேலைகளுக்குப் பயன்பட்டன. குளிர்காலத்துக்கான போர்வைக்கு, பழைய சேலைகளை அடுக்கி நெருக்கமாக ஓட்டியதும் அதே கைதான்.

இப்போது செடி நர்சரியிலிருந்து கறுப்பு பாலித்தீன் பையில் பூத்த நிலையிலேயே வருகிறது. பெட்டூனியாவில் அன்று கனவிலும் காணாத நிறங்கள் இன்று கிடைக்கின்றன. ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 விதை இருக்கும் நுண்ணிய விதை அது. அதை வீட்டில் முளைக்க வைப்பது எளிதல்ல என்பதால் நாற்றாக வாங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை எஃப்-1 கலப்பினங்கள். அவற்றின் விதையை எடுத்து விதைத்தால் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. அடுத்த கோடைக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. எனக்கு வலிப்பது இந்த இடம்தான்.

தையலில் கணக்கு வேறு. அங்கே வரவு பெரியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கையால் நிமிடத்துக்கு முப்பது தையல் போட்டால் அதிகம். மிதி மெஷின் அதைச் சில நூறாக்கியது. தையல் கூடங்களில் ஓடும் மின் இயந்திரம் 5,000 வரை போகிறது. 1930களில் கல்கத்தாவில் உருவான உஷா மெஷின் ஒரு காலத்தில் வசதியான வீட்டுச் சொத்து. பிறகு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான அரசுத் திட்டம் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகவே தையல் இயந்திரம் கொடுத்தது. மாநிலமெங்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிச் சீருடை தைக்கின்றன. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிய பிறகு துணிப்பைக்கும் மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. அன்று வீட்டுக்குள் கூலியில்லாமல் கிடந்த கைத்திறனுக்கு இன்று காசு வருகிறது. பாட்டிகளின் தையலை நினைத்து உருகும்போது, அந்தத் தையலுக்கு அவர்கள் கையில் ஒரு ரூபாயும் விழவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963இல் அமைத்த ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. காட்டில் அரிதாகிவரும் செடிகளை அங்கே தொட்டிகளில் வளர்த்துக் காக்கிறார்கள். வாசல் செடிகளுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. ஆராய்ச்சி நிலையம் பாதுகாக்கும் அளவுக்குக் காசித்தும்பை அரிதானதும் அல்ல. என்றாலும் ஒரு ஊரில் ஒரு குடும்பம் முப்பது ஆண்டு பொறுக்கி எடுத்த நிறம் அந்த ஊரில் மட்டும்தான் இருக்கும். அண்ணா பூங்காக் கண்காட்சியில் வெள்ளக்கடை, நாகலூர், செம்மநத்தம் பெண்கள் தங்கள் விதைகளைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள ஒரு மேசை போடலாம். சீருடை வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியில் அவர்களே பை தைத்துக் கொண்டுவருவார்கள்.