டீசல் கார் நல்ல கார்தான், உங்கள் பயணம் அதற்குப் போதுமா?

சுவிஸுக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியவற்றில் ஒன்று பெட்ரோல் பங்க் விலைப்பலகை. தமிழ்நாடாகட்டும் இலங்கையாகட்டும், டீசல் என்றால் பெட்ரோலைவிட விலை குறைவு என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். "டீசல் வண்டி எடுத்தா மிச்சம் பிடிக்கலாம்" என்று வீட்டுக்கு வீடு ஒரு சித்தப்பாவாவது சொல்லியிருப்பார். இங்கே அது தலைகீழ். டீசல்தான் விலை கூடியது. காரணம் வரி. ஒரு லிட்டர் டீசலுக்குக் கனிம எண்ணெய் வரி ஏறக்குறைய 80 ராப்பன், பெட்ரோலுக்கு ஏறக்குறைய 77. பக்கத்து நாடுகளெல்லாம் டீசலுக்கு வரிச்சலுகை கொடுத்து வளர்த்துவிட்டபோது, சுவிஸ் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்படியிருந்தும் 2015 வாக்கில் இங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு நான்கு டீசலாக இருந்தது. இப்போது பத்துக்கு ஒன்று தேறினாலே பெரிய விஷயம். புதிதாக வாங்க ஆள் குறைந்தால் என்ன நடக்கும்? பழைய கார் சந்தையில், அதாவது நாம் எல்லோரும் சொல்கிற 'ஒக்காசியோன்' பக்கத்தில், நல்ல டீசல் கார்கள் கைக்கெட்டும் விலையில் நிற்கும். நம் ஆட்கள் கண்ணிலும் அதுதான் முதலில் படுகிறது. கடந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் "டீசல் எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். நான் படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது மென்பொருளில். ஆனாலும் கார் பற்றிக் கேட்டால் அந்த மெக்கானிக்கல்காரன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க வாய்ப்பும் வந்தது. வின்டத்தூரில் எங்கள் மாடிக்கு மேல் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போனார். "பற்றறி இறங்கிப் போயிடும் தம்பி, இடைக்கிடை எடுத்து ஓடு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். கார், 2021-ல் பதிவான எட்டாம் தலைமுறை கோல்ஃப். இரண்டு லிட்டர் டி.டி.ஐ. எஞ்சின், 150 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஏழு கியர் டி.எஸ்.ஜி.

நான் கார் பழகியது கோவையில் அப்பாவின் ஸ்விஃப்ட் டீசலில். 1.3 லிட்டர், 190 நியூட்டன் மீட்டர். இந்தியாவில் டீசல் ஹேட்ச்பேக் என்றாலே அந்த ஃபியட் எஞ்சின்தான் என்று ஒரு காலம் இருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. அதை ஓட்டியவர்களுக்குத் தெரியும், 2,000 சுற்றுக்குக் கீழே வண்டி தூங்கும், அதைத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளியது மாதிரி பாயும். வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தவித்தது இன்றும் காலில் ஞாபகம் இருக்கிறது.

இந்த கோல்ஃபில் அந்தத் தூக்கம் கிட்டத்தட்ட இல்லை. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது வெளியே நின்றால் டீசலின் கட-கட சத்தம் கேட்கும், கண்ணாடியை ஏற்றிவிட்டால் அது பாதிக்கு மேல் அடங்கிவிடும். 1,600 சுற்றிலேயே முழு முறுக்குவிசை வந்துவிடுவதால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டியதில்லை, கால் வைத்தாலே போதும். ஊருக்குள் மெதுவாக நகரும்போது மட்டும் டி.எஸ்.ஜி. கொஞ்சம் தயங்குகிறது. ரவுண்டானாவில் இடைவெளி பார்த்து நுழையும்போது அந்த அரை நொடி யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. திரைக்குக் கீழே ஏ.சி. குளிரைக் கூட்டிக் குறைக்க ஒரு தொடுபட்டை உண்டு, இரவில் அதற்கு விளக்கு கிடையாது. இந்தத் தலைமுறை கோல்ஃபை உலகம் முழுக்கத் திட்டித் தீர்த்தது இதற்காகத்தான். 2024 புதுப்பிப்பில் விளக்கு வந்துவிட்டது.

ஆட்டோபானில் ஏறியதும்தான் இந்தக் கார் எதற்காகப் பிறந்தது என்று புரிகிறது. 120-ல் ஏழாம் கியரில் எஞ்சின் 2,000 சுற்றை ஒட்டியே சோம்பலாகச் சுற்றுகிறது. பேசிக்கொண்டே போகலாம், பிள்ளைகள் பின்னால் தூங்கலாம். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, இளவட்டங்கள் கவனிக்கவும். வேகமே தெரியாது. ஊருக்குள் 5 கிலோமீட்டர் கூடினால் 40 பிராங்க், 10 வரை 120, 15 வரை 250. அதற்கு மேல் போனால் வெறும் 'பூசே' அல்ல, வழக்கு. 50 வலயத்தில் 100-ஐத் தொட்டால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் 'ராசர்'. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் காத்திருக்கும் வீட்டில் அதன் அர்த்தம் என்ன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை லுகானோவில் ஒரு கல்யாணம். கோத்தார்ட் சுரங்கம் 16.9 கிலோமீட்டர், 1980-ல் திறந்தது, எதிரும் புதிருமாக ஒரே குழாய். ஆகஸ்ட் வார இறுதியில் அதன் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் நல்லூர்த் தேருக்கு நிற்கும் கூட்டமே தேவலாம். கோஷெனனில் இறங்கி மலைப்பாதையைப் பிடித்தோம். ஐந்து பேர், சேலைப் பெட்டிகள், இரண்டு பெரிய சட்டி பலகாரம். ஆண்டர்மாட் தாண்டி 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போதும் எஞ்சினுக்கு மூச்சு வாங்கவில்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினாக இருந்தால் பலமும் அதே அளவு குறைந்திருக்கும். டர்போ அந்த மெலிந்த காற்றை அழுத்தி உள்ளே அனுப்பிவிடுகிறது. தெற்குப் பக்கம் இறங்க, கருங்கல் பாவிய பழைய திரெமோலா பாதையில் 24 கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் கையால் குறைத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக்கில் கால் வைத்தது குறைவுதான். வால்பாறைக்கு இந்த வண்டி கிடைத்திருந்தால் என்று ஒரு பெருமூச்சு வந்தது உண்மை.

இங்கே ஒரு கொசுறுச் செய்தி. டீசல், டர்போ இரண்டுக்குமே நாங்கள் இருக்கும் வின்டத்தூரோடு உறவு உண்டு. ருடால்ஃப் டீசல் மாணவராக இருந்தபோது, 1879-ல், இங்கே சூல்சர் தொழிற்சாலையில் வேலை பழகினார். பிறகு அவருடைய எஞ்சினுக்கு 1893-லேயே ஒப்பந்தம் போட்ட நிறுவனங்களில் சூல்சரும் ஒன்று. முதல் சூல்சர் டீசல் எஞ்சின் 1898-ல் ஓடியது. அதே 1879-ல் இதே ஊரில் பிறந்தவர் ஆல்ஃபிரட் பூகி. வெளியே போய் வீணாகும் புகையின் சக்தியை வைத்தே காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளலாம் என்று 1905-ல் காப்புரிமை கேட்டார். அதுதான் டர்போ. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பழைய சூல்சர் வளாகம் வழியாகத் தினமும் பள்ளிக்குப் போகிறார்கள்!

போகும்போது மலைப்பாதை, வரும்போது சுரங்கம். மொத்தம் 460 கிலோமீட்டரில் 100 கிலோமீட்டருக்கு 4.8 லிட்டர் என்று திரை காட்டியது. ஐந்து பேரோடும் பலகாரத்தோடும் மலை ஏறி இறங்கிய காருக்கு இது சும்மா சொல்லக்கூடாது, அபாரம்.

சரி, புகை? 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரியும் சாலையில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும் மென்பொருள், உலகம் முழுக்க ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் கார்கள். சுவிஸ் சாலைகள் அலுவலகமான அஸ்ட்ரா, அந்த எஞ்சின் கொண்ட கார்களைப் புதிதாகப் பதிவு செய்வதையே தற்காலிகமாக நிறுத்தியது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அது இன்றும் உறுத்துகிற விஷயம். யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த வரிகளை எழுதியிருக்கிறார், இன்னொருவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அண்ணையின் கார் அதற்கு அடுத்த தலைமுறை. நைட்ரஜன் ஆக்சைடை அடக்க ஆட்ப்ளூ என்ற திரவத்தை இரண்டு இடங்களில் தெளிக்கிறது. ஆட்ப்ளூ வேறொன்றுமில்லை, 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணீர். நம் தாத்தாக்கள் வயலுக்குப் போட்ட அதே யூரியா. கரித்துகளைப் பிடிக்கத் தனியாக ஒரு வடிகட்டி, டி.பி.எஃப்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இந்த வடிகட்டியில்தான். அது பிடித்து வைத்த கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடாகி, தொடர்ந்து ஒரு கால் மணி நேரமாவது ஓட வேண்டும். அண்ணைக்கு அது பிரச்சினையே இல்லை. பாசலுக்கு வேலைக்குப் போய் வருகிறார், நாளுக்கு 200 கிலோமீட்டர். ஆனால் நம்மில் பலருடைய வாழ்க்கை வேறு. காலை நாலரை மணி, வெளியே மைனஸ் 5, முதியோர் இல்லத்துக்கு நான்கு கிலோமீட்டர். மத்தியானம் வீடு, பிறகு மிக்ரோ, கோப். புதனும் சனியும் தமிழ்ப் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர். மாலையில் ஹோட்டல் சமையலறைக்கு ஐந்து கிலோமீட்டர். டீசல் எஞ்சின் வெப்பத்தை வீணாக்காதது, அதனாலேயே மெதுவாகத்தான் சூடாகும். இந்த மாதிரி ஓட்டத்தில் அது சூடாவதற்குள் நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்கள். கரி சேரும். எரிக்கத் தொடங்கும், பாதியில் அணையும். அரைகுறையாக எரிக்கப் போன டீசல் எஞ்சின் எண்ணெயில் கலக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. வேறு பிராண்டு, பெயர் வேண்டாம். இரண்டு வேலைக்கும் நடுவே ஓடுவதற்கென்று சேமிப்பைப் போட்டு வாங்கிய கார். பதினான்கு மாதத்தில் மஞ்சள் விளக்கு, பிறகு சிவப்பு விளக்கு, பிறகு வடிகட்டி மாற்ற 3,000 பிராங்குக்கு மேல் பில். காசை விடுங்கள். அந்த மூன்று வாரம் முதல் பஸ்ஸுக்கு முந்தைய ஷிஃப்டுக்கு அவர் இருட்டில் நடந்துதான் போனார்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். டீசல் 1.90, பெட்ரோல் 1.80 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர், டீசலுக்கு 4.8 லிட்டர், அதே அளவு பெட்ரோல் காருக்கு 6.2 லிட்டர். டீசலில் மிச்சம் ஏறக்குறைய 300 பிராங்க். 6,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறீர்கள் என்றால் 120 பிராங்க். அதுவும் குளிர்ந்த எஞ்சினோடு ஓடினால் 4.8 எல்லாம் கனவு. அந்த வடிகட்டி பில்லை இந்த மிச்சத்தில் அடைக்க எத்தனை வருடம் ஆகும்?

"அப்போ எலக்ட்ரிக் எடுங்கோ" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சொல்வது சரிதான். குறுகிய ஓட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. ஆனால் வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் சார்ஜர் போடுவது வீட்டு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதுவரை சின்ன பெட்ரோல் கார் அல்லது ஹைபிரிட், அவ்வளவுதான் என் பரிந்துரை. வாரம் இரண்டு மூன்று தடவையாவது ஆட்டோபானில் அரை மணி நேரம் ஓடுகிறவர்களுக்கும், ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கும் பாரிஸ் லா சப்பலுக்கும் குடும்பத்தோடு அடிக்கடி போய் வருகிறவர்களுக்கும் டீசலைப் போல் இதமான வண்டி இந்த விலையில் இல்லை. என்ன, பாரிஸுக்கும் ஜெர்மன் நகரங்களுக்கும் போகுமுன் சுற்றுச்சூழல் ஒட்டுப்படம் பற்றிய அப்போதைய விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஜெனீவாவிலும் காற்று மாசு கூடும் நாட்களுக்கென்று 2020 முதல் தனி ஒட்டுப்படம் இருக்கிறது.

வாங்குவது என்று முடிவெடுத்தால் சில வேலைகள். முந்தைய உரிமையாளர் எப்படி ஓட்டினார் என்று கேளுங்கள். ஐந்து வயதுக் காரில் 30,000 கிலோமீட்டர்தான் என்றால் பெட்ரோல் காருக்கு நல்ல செய்தி, டீசலுக்குச் சந்தேகம். 2023 ஜனவரி முதல் எம்.எஃப்.கா. சோதனையில் வடிகட்டி உள்ள டீசல்களின் கரித்துகளை எண்ணிப் பார்க்கிறார்கள். கன சென்டிமீட்டருக்கு 2,50,000-க்கு மேல் போனால் தேறாது. அதனால் 'ஆப் எம்.எஃப்.கா.' என்று விளம்பரத்தில் இருந்தால், சோதனை எந்தத் தேதியில் நடந்தது என்று காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். புகைக்குழாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக இருந்தால் கரி ஒட்டாது. கடைசியாக, எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் போய்ச் சேரும்போதே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், "நாளைக்குக் காலையில வாறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.