சினத்துக்கு ஒரு படம்

சிறு குழந்தைக்குச் சினம் வரும். அதைச் சொல்லச் சொல் வராது. அந்த இடைவெளியில்தான் படக்கதை நூல் உதவுகிறது என்பேன். மாரிஸ் செண்டாக் 1963இல் எழுதி வரைந்த ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ நூலில், குறும்புக்குத் தண்டனையாக இரவு உணவின்றி அறைக்கு அனுப்பப்படும் சிறுவன் மாக்ஸ், கற்பனையில் கொடும் பூதங்களின் அரசனாகிறான். கதை வளர வளரப் படங்கள் பெரிதாகின்றன. ஆட்டத்தின் உச்சத்தில் எழுத்தே இல்லை.

அந்தப் பக்கங்களைப் பெரியவர்கள் விரைந்து புரட்டக் கூடாது. ‘கோபப்படலாமா?’ என்று நீதி சொல்லாமல், ‘இவனுக்கு இப்போது எப்படி இருக்கும்?’ என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். மாக்ஸின் சினத்தைப் பேசும் குழந்தை, மெல்லத் தன் சினத்தையும் பேசத் தொடங்கும். இறுதியில் மாக்ஸ் வீடு திரும்புகையில், சூடு ஆறாத உணவு அவனுக்காகக் காத்திருக்கிறது. கோபித்தாலும் அன்பு குறையாது என்னும் உறுதி அது. குழந்தை அதே கதையை மீண்டும் கேட்டால், சலிக்காமல் படித்துக்காட்டுங்கள்.