பொறியியல் துறையில் பெண் தலைமை

சேலம் மாவட்டத்தில் வாழும் நாம் அனைவரும் மேட்டூர் அணையைக் கண்டு வியந்திருக்கிறோம். 1934ஆம் ஆண்டில் அது கட்டி முடிக்கப்பட்டபோது, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் ஒரு பெண்கூடப் படிக்கவில்லை. இந்நிலை எவ்வாறு மாறிற்று? பெண்கள் இத்துறையில் தலைமை பெற எவையெவை துணை நின்றன? ஆராய்வோம்.

முதலாவது, குடும்பத்தின் ஆதரவு. ஏ. லலிதா அம்மையாருக்கு எங்கள் வயதில், அதாவது பதினைந்தில், திருமணம் நடந்தது. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையானார். அவரை மூலையில் முடங்க விடாமல், கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியராயிருந்த தந்தை பப்பு சுப்பாராவ் 1940இல் அக்கல்லூரியிலேயே சேர்க்க முயன்றார்.

இரண்டாவது, கதவைத் திறக்கும் நிறுவனம். முதல்வர் கே.சி. சாக்கோ அவர்கள் மறுக்காமல் இடமளித்தார்.

மூன்றாவது, தோழமை. லலிதாவைத் தொடர்ந்து லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்னும் இருவர் சேர்ந்தனர். போர்க்காலத்தில் படிப்புக்காலம் குறைக்கப்பட்டமையால் மூவரும் ஒருசேரத் தேறினர். பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாற்சொல்லை அடித்துப் பெண்பாலாக எழுத வேண்டியதாயிற்று!

நான்காவது, பணியிடத்தில் கிடைக்கும் வாய்ப்பு. லலிதா அம்மையார் மகளை வளர்க்கும் பொறுப்பினால், உறவினர் துணையுள்ள ஊர்களிலேயே பணி தேடினார். ஆயினும் கல்கத்தாவில் இருந்தபடியே பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிப் பணிகளில் பங்குகொண்டார். திருச்சூர்ப் பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண்மணியான திரேசியாவோ படிப்படியாக உயர்ந்து, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அப்பதவியை வகித்த முதற்பெண் அவரே. திறமை மட்டும் போதாது. பொறுப்பை நம்பி ஒப்படைப்போரும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அந்த விதை வீண்போகவில்லை. செங்கோட்டையில் பள்ளிக் கல்வி பயின்ற நிகர் ஷாஜி அவர்கள், 2023இல் விண்ணில் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 சூரிய ஆய்வுக் கலத்தின் திட்ட இயக்குநராக விளங்கினார்.

லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகள் நிறைந்த நாமக்கல்லும், உருக்காலை அமைந்த சேலமும் நம்முடைய ஊர்களே. ஆயினும், "பெண்ணுக்கு இயந்திரப் படிப்பு எதற்கு?" என்ற கேள்வி எங்களுள் சிலருடைய இல்லங்களில் இன்னும் எழுகிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவை எடுப்பது என்று முடிவு செய்யப்போகும் வேளை இது. அன்புப் பெற்றோரே, சுப்பாராவ் செய்ததை நீங்களும் செய்யுங்கள். இறைவன் தந்த தாலந்தைப் புதைத்து வைக்காமல் பெருக்கிக் காட்டுவது எங்கள் கடமை.